பல்லாவரத்தில் வரலாறு என்றால் என்ஓசி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னை தினத்தையொட்டி நீங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கங்களைப் படித்தேன். கோட்டை, ரிப்பன் மாளிகை, உயர் நீதிமன்றம், சென்ட்ரல் எல்லாம் இருந்தன. படங்கள் அருமை. ஆனால் பரங்கிமலைக்குத் தெற்கே ஒரு வரிகூட வரவில்லை. 1639இல் கம்பெனிக்காரர்களுக்கு நிலம் எழுதிக் கொடுத்ததிலிருந்து கதையைத் தொடங்கினால் அப்படித்தான் ஆகும். பல்லாவரத்துக்காரன் என்ற முறையில் எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

1863 மே 30 அன்று, புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் பூட் பல்லாவரம் ராணுவ அணிவகுப்புத் திடலில் சரளை தோண்டிய குழி ஒன்றில் மனிதன் செதுக்கிய கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு தொடங்கியதே அந்தக் குழியில்தான். அதே ஆண்டு அவரும் அதே துறையைச் சேர்ந்த வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்துக்குப் போய் இன்னும் நிறையக் கண்டார்கள். அந்த அத்திரம்பாக்கக் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் ஆய்வு முடிவு வந்தது. பூட் சேர்த்த கற்கள் பின்னாளில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. பல்லாவரத்தில் யாரையாவது நிறுத்தி பூட் யார் என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை பேருக்குத் தெரிந்துவிடப் போகிறது?

இன்னும் இருக்கிறது. இரும்புக் காலத்து மக்கள் இறந்தவர்களைச் சுடுமண் பேழையில் வைத்துப் புதைத்த இடங்கள் இங்கே உண்டு. மலையில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகை இருக்கிறது. அவனுடைய பட்டப்பெயர்கள் அதில் வெட்டப்பட்டுள்ளன. பல்லவர் காலத்துக் குகை இன்று தர்காவாக இருக்கிறது. மக்கள் வந்து தொழுகிறார்கள். என்னைக் கேட்டால், ஆள் நடமாட்டம் இருந்ததே அந்தக் குகைக்குப் பெரிய பாதுகாப்பு.

இவ்வளவு இருந்தும் எங்கள் தெருக்களில் 'தொல்லியல்' என்றால் ஒரே பொருள்தான்: என்ஓசி, அதாவது வீடு கட்ட வாங்க வேண்டிய தடையில்லாச் சான்று. நான் சொன்ன அந்தப் பழைய புதைகுழிகள், அதாவது ஈமச் சின்னங்கள் உள்ள பகுதி பாதுகாக்கப்பட்ட இடம். 2010இல் திருத்தப்பட்ட மத்தியச் சட்டப்படி, அந்த எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத் தளம் போட நினைப்பவருக்கும், மகன் கல்யாணத்துக்கு மாடியில் ஒரு ரூம் எடுக்க நினைப்பவருக்கும் முதலில் கண்ணில் படுவது இந்த 300 மீட்டர்தான். பேங்க் லோன், பிளான் அப்ரூவல், விற்பனை எல்லாமே அதில் வந்து முட்டுகிறது. மண்ணுக்குள் இருக்கும் பேழையை யாரும் பார்த்ததில்லை. எதைக் காப்பாற்ற இத்தனை கெடுபிடி என்று கேட்பவர்களிடம் நான் என்ன பதில் சொல்வது? அஸ்திவாரம் தோண்டும்போது பானை ஓடு கிடைத்தால் கொத்தனார் அதை அள்ளி ஓரமாகப் போட்டுவிட்டுப் போவதே எல்லோருக்கும் நிம்மதி. சொன்னால் வேலை நின்றுவிடும் என்ற பயம்.

சட்டத்தை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் மிச்சமிருப்பதும் அடுக்குமாடிகளுக்கு அடியில் போய்விடும். ஆனால் தடை மட்டும் மக்களிடம் வந்து சேர்ந்து, பெருமை எழும்பூரிலேயே தங்கிவிட்டால் எந்த ஊர்க்காரனும் அதைக் காப்பாற்ற மாட்டான். கீழடியைப் பாருங்கள். தோண்டி எடுத்ததை அங்கேயே அருங்காட்சியகம் கட்டி வைத்தார்கள், 2023இல் திறந்தார்கள். இன்று ஊர் பெயரைச் சொன்னாலே தமிழ்நாட்டுக்கே தெரிகிறது. இத்தனைக்கும் சென்னைக்குப் பக்கத்தில் பூண்டியில் 1985 முதலே மாநிலத் தொல்லியல் துறையின் கற்கால அகழ்வைப்பகம் (அருங்காட்சியகம்) இருக்கிறது. பள்ளிக்கூட பஸ்கள் ஏரியைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகின்றன!

பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. பூட் கல்லெடுத்த பகுதியில் தமிழில் ஒரு பலகை வைக்கலாம். பல்லாவரத்தில் ஒரு நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கி, எழும்பூரில் உள்ள கற்களின் மாதிரிகளையும் குகைக் கல்வெட்டின் படியையும் வைக்கலாம். ஊர்ப் பெரியவர்களிடம் உள்ள பழைய படங்களும் பத்திரங்களும் அங்கேயே வந்து சேரும். பள்ளிப் பிள்ளைகளை மகாபலிபுரம் கூட்டிப் போவதற்கு முன் இந்த மலைக்கு ஒரு நாள் கூட்டி வரலாம்; தர்காவில் முறையாகக் கேட்டுக்கொண்டு போனால் போதும்.

அப்புறம், முக்கியமான ஒன்று. பாதுகாக்கப்பட்ட ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி துணைவிதிகள் வகுக்க வேண்டும் என்று அதே 2010 திருத்தமே சொல்கிறது. எந்த சர்வே எண்ணில் எவ்வளவு உயரம் கட்டலாம், எங்கே தோண்டவே கூடாது என்பதைத் தெருவாரியாக, வரைபடத்தோடு, எளிய தமிழில் எழுதி வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். புரோக்கர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை போகும். வீட்டு வேலையில் பழம்பொருள் கிடைத்ததாகத் தானாக வந்து சொல்பவருக்கு, இத்தனை நாளுக்குள் ஆய்வு முடிந்து வேலையைத் தொடரலாம் என்ற உறுதியையும் அதிலேயே எழுத வேண்டும்.

அடுத்த ஆகஸ்டில் சிறப்புப் பக்கம் போடும்போது உங்கள் நிருபர் ஒருவரைத் தெற்கே அனுப்புங்கள். மலையைச் சுற்றிக் காட்ட நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஜமீன் பல்லாவரம், சென்னை