ஞாயிறு இசைப் பட்டறை: பெற்றோர் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம்.

மலையகத்திலிருந்து கனடாவில் குடியேறிய குடும்பத்தில் பிறந்த இசையமைப்பாளர் ஒருவர், வரும் 15ஆம் திகதி ஞாயிறு காலை 9 மணிக்கு ஹட்டனில் நம் பாடசாலை மண்டபத்துக்கு வருகிறார். வயலின், புல்லாங்குழல், கிட்டார், தபேலா எல்லாம் வாசிப்பவர். மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சரிசமமாக வாசிக்கும் குழுவை அங்கே நடத்துகிறார். இங்கும் தேர்வு கிடையாது. எந்தப் பிள்ளையும் வரலாம்.

1. காது கேளாத பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். "அவனுக்கு எதற்கு இசை?" என்ற பேச்சே வேண்டாம். ஊதிய பலூனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் தப்பு மேளத்தின் ஒவ்வொரு அடியும் விரல் நுனிக்கு வந்துவிடும். ஸ்கொட்லாந்தின் ஈவ்லின் கிளெனி, செவிப்புலன் குறைந்தும் உலகறிந்த தாளக் கலைஞர். வெறுங்காலோடு நின்று வாசிப்பவர்.

2. காமன் கூத்துக்கு அடிக்கும் தப்பு இருந்தால் கொண்டு வாருங்கள். இந்தக் குளிரில் தோல் தொய்ந்துவிடும். அனலில் காய்ச்சக் கொஞ்சம் காய்ந்த விறகும் வேண்டும்.

3. சக்கர நாற்காலிக்காகப் படியில் பலகை போட நால்வர் 8 மணிக்கே வரவேண்டும்.

4. தேநீர் உண்டு. ரொட்டியும் சம்பலும் யார் பொறுப்பு?

பிள்ளையின் பெயர், வயது, தேவைப்படும் உதவி ஆகியவற்றை வியாழன் இரவுக்குள் இங்கே எழுதுங்கள். கட்டைவிரல் படம் மட்டும் போட்டால் கணக்கில் சேராது.