நம் ஊர்க் கணக்கைச் சொல்லும் நூல்களும் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

செல்வம் சேர்க்க உதவும் நூல்கள் குறித்துக் கடந்த ஞாயிறு இணைப்பிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பரிந்துரைக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை அமெரிக்க நூல்களின் தமிழாக்கங்கள். 1949இல் வெளிவந்த, அமெரிக்க முதலீட்டு அறிஞர் பெஞ்சமின் கிரஹாமின் ‘தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்’ நூல், பங்கின் விலை வேறு, மதிப்பு வேறு என்று கற்பிப்பது எந்த நாட்டுக்கும் பொருந்தும், மறுப்பதற்கில்லை. ஆனால், அமெரிக்க ஊழியர்களுக்கான 401(கே) ஓய்வூதியக் கணக்கைப் பக்கம் பக்கமாக விளக்கும் நூல்கள், நம் வாசகர் கையிலுள்ள பொது வருங்கால வைப்பு நிதியைப் (பிபிஎஃப்) பற்றி ஒரு வரிகூடச் சொல்வதில்லை.

அஞ்சலகச் சேமிப்புப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் நான். ஆண்டுதோறும் மார்ச் கடைசி வாரத்தில், வருமான வரிச் சலுகைக்காக ஒன்றரை லட்சம் ரூபாயை மொத்தமாக அந்த நிதியில் செலுத்த வரும் ஆசிரியை ஒருவரின் கைப்பையில் அத்தகைய தமிழாக்க நூல் ஒன்று எப்போதும் இருக்கும். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி முதல் மாத இறுதி வரையுள்ள குறைந்தபட்ச இருப்புக்கே வட்டி கணக்கிடப்படுகிறது என்பதையும், அதே தொகையை ஏப்ரல் 5ஆம் தேதிக்குள் செலுத்தியிருந்தால் அந்த நிதியாண்டு முழுமைக்கும் வட்டி கிடைத்திருக்கும் என்பதையும் நான் சொல்லித்தான் அவர் அறிந்தார். பல ஆண்டு வட்டியை இழந்திருந்த அவரது முகம் வாடியதை இன்றும் மறக்க முடியவில்லை. எனவே, இத்தகைய பட்டியல்களில் இந்திய விதிகளை எளிய தமிழில் விளக்கும் நூல்களுக்குப் பாதி இடமாவது ஒதுக்குமாறும், நூலகத் துறை அவற்றைக் கிளை நூலகங்களுக்கும் வாங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கும்பகோணம்