பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு: பிள்ளைகளின் நெஞ்செரிச்சல் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். திருப்புதல் தேர்வு மதிப்பெண் பற்றிய கடிதம் என்று நினைத்துப் பிரித்திருப்பீர்கள். அது அடுத்த வாரம் வரும். இது சாப்பாடு பற்றியது.

சென்ற திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவன் ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். மருத்துவர் பரிசோதித்துவிட்டு அவனிடம் கேட்டது இரண்டே கேள்வி. "நேத்து ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்ட? காலைல என்ன சாப்பிட்ட?" ராத்திரி பதினொன்றரைக்குப் பரோட்டா. காலையில் ஒரு டம்ளர் டீ. இதயத்தில் ஒன்றுமில்லை, இரைப்பை அமிலம் மேலே ஏறியிருக்கிறது என்றார்.

மறுநாள் வகுப்பில் விசாரித்தேன். புளித்த ஏப்பம், நெஞ்சுக்கரிப்பு, படுத்தால் தொண்டை வரை எதுக்களிப்பது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மூன்று பேர் "எனக்கு அல்சர் சார்" என்றார்கள். எந்த டாக்டர் சொன்னார் என்றால், "அம்மாதான் சார்." ஒரு மாணவியின் பையில் பாட்டிக்கு வாங்கிய மாத்திரை அட்டையே இருந்தது.

முதலில் இந்த அல்சர் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். அல்சர் என்பது இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ வரும் புண். பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவாலோ, வலி மாத்திரைகளாலோ வருவது. அந்தக் கிருமியை 1982இல் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. யாரும் நம்பாததால் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். இதைச் சொன்னபோதுதான் கடைசி பெஞ்ச் நிமிர்ந்து உட்கார்ந்தது.

நம் பிள்ளைகள் பலருக்கு இருப்பது வேறு. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் சுருக்குப்பை வாய் போல ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, உடனே மூடிக்கொள்ள வேண்டும். அது நெகிழ்ந்தால் அமிலம் மேலே வரும். இரைப்பை அமிலத்தின் பிஎச் மதிப்பு (அமிலத்தின் கடுமையைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையக் கடுமை கூடும்) ஏறக்குறைய 1.5 முதல் 3.5 வரை, அதைத் தாங்க இரைப்பைக்குத் தடித்த சளிப்படலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, அதனால்தான் எரிகிறது. வயிறு முட்டத் தின்பது, எண்ணெய்ப் பண்டம், டீ, காபி, சாக்லேட், உடல் பருமன், இறுக்கிக் கட்டிய பெல்ட் எல்லாமே அந்த வளையத்துக்கு எதிரிகள். சாப்பிட்ட உடனே படுப்பது எல்லாவற்றிலும் மோசம். நிற்கும்போது அமிலத்தைக் கீழேயே வைத்திருக்கும் புவியீர்ப்பு, படுத்ததும் கைவிட்டுவிடுகிறது.

இதில் எங்கள் பங்கையும் ஒப்புக்கொள்கிறேன். சிறப்பு வகுப்பு எட்டு மணிக்கு. அதற்கு ஆறே முக்காலுக்கு பஸ் ஏற வேண்டும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022 முதல் அரசின் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. தம்பி சூடாகப் பொங்கல் சாப்பிடுகிறான், அண்ணன் டீயோடு வருகிறான். மதியம் அவசரமாக அள்ளிப்போட்டுக்கொள்கிறான். மாலை வகுப்பு, டியூஷன் எல்லாம் முடித்து வீடு திரும்பும்போது பசி காதை அடைக்கிறது. நாள் முழுக்கச் சாப்பிடாததை ராத்திரி ஒரே இருப்பில் ஈடுகட்டிவிட்டுப் பாயில் விழுகிறான். இந்த அட்டவணையைப் போட்டது நான்தான்.

எனவே வரும் திங்கள் முதல் சிறப்பு வகுப்பின் முதல் கால் மணி நேரம் சாப்பிடுவதற்கு. இரண்டு இட்லியோ பழைய சோறோ கொடுத்தனுப்புங்கள். மதிய உணவு முடிந்ததும் வந்த விளையாட்டுப் பாடவேளையைக் கடைசிக்கு மாற்றியிருக்கிறோம். பெல்ட்டை ஒரு துளை தளர்த்தி அணியச் சொல்லியிருக்கிறேன். அதற்காக எந்த ஆசிரியரும் கண்டிக்க மாட்டார்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று, அது எளிதல்ல என்று எனக்குத் தெரியும்: இரவுச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் இரண்டு, மூன்று மணி நேர இடைவெளி. எட்டு மணிக்குச் சாப்பிடட்டும், பிறகு படிக்கட்டும். நடுவில் பசித்தால் ஒரு வாழைப்பழம் போதும். அப்படியும் ராத்திரியில் எரிந்தால் இடப்பக்கம் திரும்பிப் படுப்பது உதவும். கட்டிலாக இருந்தால் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரை அடி உயரத்துக்குச் செங்கல் வைக்கலாம். தலையணையை அடுக்குவதால் கழுத்துதான் வளையும். பால் குடித்தால் சரியாகும் என்பார்கள். கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், பிறகு அமிலம் மறுபடியும் சுரக்கும்.

வீட்டிலிருக்கும் மாத்திரையை எடுத்துக் கொடுக்காதீர்கள். அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையை எத்தனை நாள், எப்போது சாப்பிடுவது என்று மருத்துவர் சொல்ல வேண்டும். ஈனோ இட்லி மாவுக்குச் சரி, பிள்ளைக்குத் தினம் கரைத்துக் கொடுக்க அல்ல. அதில் சோடியம் அதிகம். தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மாதவிடாய் வலிக்குச் சில மாணவிகள் வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடுகிறார்கள். எங்களிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள், நீங்கள் கேளுங்கள்.

விழுங்கும்போது அடைப்பது, எடை குறைவது, வாந்தியில் ரத்தம், கருப்பாக மலம் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

பிள்ளைகளைப் பற்றி எழுதும்போதே உங்களையும் நினைத்துக்கொண்டேன். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நெஞ்சு அழுத்தி, வியர்த்து, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் "கேஸ்தான்" என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். என் அண்ணன் அப்படி இரண்டு மணி நேரம் காத்திருந்தார், பிழைத்தது அதிர்ஷ்டம். உடனே 108ஐ அழையுங்கள்.

இந்தத் தாளின் அடியில் பிள்ளை வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தையும், காலையில் சாப்பாடு கொடுத்தனுப்ப முடியுமா என்பதையும் எழுதிக் கையொப்பமிட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்கள் "முடியாது" என்றே எழுதலாம். அந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். யார் யார் என்பது எனக்கும் வகுப்பாசிரியருக்கும் மட்டுமே தெரியும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்