நம் ஏர்கான் வேலைக்கான வலைத்தளம் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மாதிரிப் பக்கங்களை நானும் அப்பாவும் பார்த்தோம். அழகாக இருக்கின்றன. தேசிய சேவை கேம்ப்பிலிருந்து விடுப்பில் (புக் அவுட் ஆகி) வந்த தம்பியிடமும் அப்பா காட்டி, "அக்கா செஞ்சது" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். மெல்பர்னில் உன் வேலையையும் பார்த்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறாய். அதனால்தான் போனில் அவசரமாக ஏதோ சொல்லிவிடாமல் எழுதுகிறேன்.

இங்கே சிங்கப்பூரில் நம் ஏர்கான் கம்பெனி போனை எடுப்பவள் நான், வாட்ஸ்அப்பில் பதில் போடுபவளும் நான். ஜனங்கள் முதலில் என்ன கேட்கிறார்கள், எந்த இடத்தில் தயங்குகிறார்கள், எதைச் சொன்னதும் "சரி, நாளைக்கு வாங்க" என்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். என்னிடம் கேட்பதற்கெல்லாம் வலைத்தளமே பதில் சொல்ல வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

நம் பக்கத்தைத் திறப்பவர் ஆற அமரப் படிக்க வருபவர் இல்லை. கட்டிலுக்கு மேலே தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். கீழே வாளி இருக்கும். புழுக்கத்தில் பிள்ளை அழும். இன்றைக்கு ஆள் வருமா, எவ்வளவு ஆகும், இவர்களை நம்பி வீட்டுக்குள் விடலாமா என்று தவித்துக்கொண்டே ஒரு கையில் போனைத் தள்ளிக்கொண்டிருப்பார். நீ செய்த முதல் பக்கத்தில் ஒரு பெரிய படம் மெல்ல நகர்கிறது. அதன்மேல் "உங்கள் வசதியே எங்கள் இலக்கு" என்று வருகிறது. தொலைபேசி எண் அடியில் இருக்கிறது. அந்தப் படத்தை எடுத்துவிடு, பாப்பா. அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறோம், எந்தெந்த வட்டாரத்துக்குப் போகிறோம், எத்தனை மணிவரை போன் எடுப்போம் என்று எழுது. அதற்குக் கீழே இரண்டு பொத்தான்கள் போதும், ஒன்று அழைக்க, ஒன்று வாட்ஸ்அப்புக்கு.

இப்போது ஓடுகிற பழைய தளத்தில் எண் ஒரு படத்துக்குள் இருக்கிறது. தொட்டால் அழைப்பு போகாது. தோ பாயோவிலிருந்து ஒரு தாத்தா அந்த எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, காலண்டர் தாள் ஓரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார். 3 அவருக்கு 8ஆகத் தெரிந்திருக்கிறது. யாரோ ஒருவர் எடுத்து, தெரியாது என்று வைத்துவிட்டாராம். கடைசியில் பேத்தி வந்து சரியான எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். "இவ்வளவு சிரமப்பட்டு உங்களைத்தான் பிடிக்கணும்னு இருந்தேன்மா" என்றார். அவர் விடாப்பிடியாக நின்றார். மற்றவர்கள் அடுத்த கம்பெனிக்குப் போயிருப்பார்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிற எழுத்து நாகரிகமாக இருக்கலாம், வயதானவர்களுக்கு அது தெரிவதில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திறன் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். நீ போட்டிருக்கும் நிறத்தை ஒருமுறை சோதித்துப் பார்.

அடுத்தது விலை. "விலைக்கு அழைக்கவும்" என்ற வரி வேண்டவே வேண்டாம். விலையைச் சொன்னால் போட்டிக்காரன் பார்த்துவிடுவான் என்று அப்பா நினைக்கிறார். போட்டிக்காரனுக்கு நம் விலை எப்போதோ தெரியும், தெரியாமல் இருப்பது வாடிக்கையாளருக்கு மட்டும்தான். ஒரு யூனிட்டுக்கு (அறையில் மாட்டியிருக்கும் ஓர் ஏர்கானுக்கு) எவ்வளவு, மூன்று யூனிட்டுக்கு எவ்வளவு, வருஷத்துக்கு நான்கு முறை ஒப்பந்தம் போட்டால் எவ்வளவு என்று எழுத்தாகவே போடு. படமாகப் போட்டால் கூகலுக்கும் சரியாகப் புரியாது, விலை மாறினால் உன்னையே எழுப்ப வேண்டியிருக்கும். பக்கத்திலேயே ஜிஎஸ்டி பற்றியும் ஒரு வரி வேண்டும். 2024 ஜனவரியில் அது 9 விழுக்காடு ஆனதிலிருந்து "ஜிஎஸ்டி தனியா?" என்று கேட்காதவர் இல்லை. ஆண்டு வருமானம் 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு செய்வது கட்டாயம். நாம் பதிவு செய்யவில்லை, அதனால் வசூலிக்கவும் கூடாது. "இங்கே இருக்கும் விலைதான் நீங்கள் கொடுக்கும் விலை" என்று எழுதிவிடு.

விலையோடு சேர்த்து, எந்தக் காசுக்கு என்ன வேலை என்பதையும் சொல்ல வேண்டும். செங்காங்கில் கைக்குழந்தை வைத்திருக்கும் ஒரு பெண் எனக்குக் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "அக்கா, ஒருத்தர் கெமிக்கல் வாஷ்ங்கிறார், இன்னொருத்தர் ஓவர்ஹால்ங்கிறார், ரெண்டுக்கும் விலை எங்கேயோ போகுது, எனக்கு எதுதான் வேணும்?" என்று. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வேலைக்கு இந்தப் பெயர்களை வைத்திருக்கிறது, பாவம் அவள் என்ன செய்வாள்? நாம் என்ன செய்கிறோம் என்று வரிசையாக எழுது. சாதாரண சர்வீஸ் என்றால் முன்மூடியையும் ஃபில்டரையும் கழுவி, காயிலை (குளிரவைக்கும் குழாய்ச் சுருளை) துடைத்து, தண்ணீர் போகும் குழாயை வேக்குவம் போட்டு உறிஞ்சி எடுப்போம். கெமிக்கல் வாஷ் என்றால் யூனிட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் பை கட்டி, காயிலுக்கு மருந்து அடித்துக் கழுவுவோம். ஓவர்ஹால் என்றால் உள்ளே இருக்கும் யூனிட்டையே சுவரிலிருந்து இறக்கிப் பிரித்துக் கழுவி மாட்டுவோம். வெறும் தண்ணீர் ஒழுகலுக்குப் பல வீடுகளில் குழாய் அடைப்புதான் காரணம், அதற்கு ஓவர்ஹால் தேவையில்லை. இதையும் எழுது. அப்பா ஒத்துக்கொண்டுவிட்டார்.

ஏர்கானைக் குளிரவைக்கும் கேஸ் பற்றி ஒரு பகுதி தனியாகவே வேண்டும், அதில்தான் ஜனங்கள் ரொம்ப ஏமாறுகிறார்கள். ஏர்கானில் கேஸ் பெட்ரோல் போல ஓடி ஓடித் தீர்ந்துபோவதில்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைப் பார்க்காமல் ஒவ்வொரு முறையும் நிரப்பிவிட்டுப் போனால் வாடிக்கையாளர் காசைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கேஸ் வகையைப் பொறுத்து விலை மாறும் என்றும் சொல். பல வீடுகளில் இன்னும் ஆர்410ஏ என்ற கேஸ் ஓடுகிறது. அதிகமாகப் புவியைச் சூடாக்கும் கேஸ் போட்ட வீட்டு ஏர்கான்களைப் புதிதாக விற்கக்கூடாது என்று 2022 அக்டோபர் 1 முதல் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் விதி வந்துவிட்டதால், இப்போது வாங்கும் புதியவற்றில் பெரும்பாலும் ஆர்32 இருக்கிறது. எந்த வகை என்று பார்ப்பதற்காக யாரும் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்க வேண்டாம் என்று தடித்த எழுத்தில் போடு. உள்ளே இருக்கும் யூனிட்டின் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பினால் போதும், மாடல் எண்ணை வைத்து அப்பா சொல்லிவிடுவார்.

இப்போது நம்பிக்கை. உன் மாதிரியில் இது கிட்டத்தட்ட இல்லவே இல்லை, எனக்கோ இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். 2023இல் இங்கே நடந்தது உனக்கு நினைவிருக்கும். வீடு சுத்தம் செய்யும் சேவை என்று ஃபேஸ்புக்கில் மலிவு விலைக்கு விளம்பரம் போட்டு, முன்பதிவுக்கு ஒரு செயலியை இறக்கச் சொல்லி ஏபிகே என்ற ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பை அனுப்பி, வங்கிக் கணக்கையே துடைத்தெடுத்தார்கள். காவல்துறை திரும்பத் திரும்ப எச்சரித்தது. அதற்கப்புறம் போனில் பேசும்போதே ஜனங்களின் குரலில் ஒரு பயம் தெரிகிறது. "முன்பணம் கட்டணுமா?", "லிங்க் ஏதாவது அனுப்புவீங்களா?" என்று கேட்கிறார்கள். நேர்மையாகப் பாடுபடும் உன் அப்பாவைப் பார்த்து யாரோ ஒருவர் சந்தேகப்படுவது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஆனால் அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதனால் விலைப்பட்டியலுக்குப் பக்கத்திலேயே தெளிவாக எழுது. எந்தச் செயலியையும் இறக்கச் சொல்ல மாட்டோம், முன்பணம் வாங்க மாட்டோம், வேலை முடிந்து ஏர்கான் ஓடுவதைப் பார்த்த பிறகு கொடுத்தால் போதும். பணம் அனுப்பும் பேநவ்வில் யூஇஎன் என்ற நம் கம்பெனிப் பதிவு எண்ணைப் போட்டால் கம்பெனி பெயர் திரையில் வரும், அது வலைத்தளத்தில் இருக்கும் பெயரோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள் என்றும் சொல். அந்த எண் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கட்டும். யார் வேண்டுமானாலும் கம்பெனிகளைப் பதிவு செய்யும் அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வரப்போவது யார் என்றும் காட்ட வேண்டும். மஞ்சள் தொப்பி போட்டு, கட்டைவிரலைத் தூக்கிச் சிரிக்கும் அந்த வெள்ளைக்காரரின் படத்தை எடுத்துவிடு. அவர் நம் யாருடைய வீட்டுக்கும் வரப்போவதில்லை. தம்பி இந்த வாரம் அப்பாவோடு போய்ப் படம் எடுத்திருக்கிறான். அப்பா ஏணிமேல் நின்று, யூனிட்டைச் சுற்றிப் பையை இழுத்துக் கட்டும் படம் ஒன்று இருக்கிறது. கீழே சோபாவைத் துணி போட்டு மூடியிருப்பதும் அதில் தெரிகிறது. அதைத்தான் முதல் பக்கத்தில் போட வேண்டும், வீட்டை அழுக்காக்க மாட்டார்கள் என்று பார்த்தவுடன் புரியும். இன்னொன்று, கழுவுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த விசிறி உருளை, முன்னால் கறுப்புப் பஞ்சு அப்பியிருக்கிறது. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தான். யார் வீட்டுக் கதவு எண்ணும் தெரியாமல் வெட்டிவிடு. போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாமல் சுருக்கிப் போடு. எம்ஆர்டி ரயிலில் இருந்து பார்ப்பவருக்கும் முக்கியமான பகுதி இரண்டரை வினாடிக்குள் வந்துவிட வேண்டும். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் நம் தள முகவரியைப் போட்டால் கூகலே வேகத்தை இலவசமாக அளந்து சொல்லும்.

பழைய தளத்தின் முன்பதிவுப் படிவத்தில் ஐசி (அடையாள அட்டை) எண் கேட்டிருக்கிறது. இதை முன்பு செய்து கொடுத்தவர் ஏன் வைத்தார் என்று தெரியவில்லை. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தேவைப்பட்டாலோ ஒருவரை உறுதியாக அடையாளம் காண வேண்டியிருந்தாலோ ஒழிய அதைக் கேட்கக்கூடாது. ஏர்கான் கழுவ எதற்கு ஐசி? பெயர், போன் எண், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு, என்ன பிரச்சினை, படம் சேர்க்க ஓர் இடம், இவ்வளவு போதும். அஞ்சல் குறியீட்டை வைத்தே எந்த அடுக்குமாடி புளோக் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும், வேனை எந்தப் பக்கம் விடுவது என்று திட்டம் போட்டுக்கொள்வார். கதவு எண்ணை நாள் உறுதியான பிறகு நான் கேட்டுக்கொள்கிறேன்.

தானாகப் பதில் சொல்லும் சாட்பாட் வைக்கலாம் என்றாய். வேண்டாம். தண்ணீர் சொட்டும் வீட்டில் இருப்பவருக்கு மனிதக் குரல்தான் வேண்டும். ராத்திரி நான் தூங்கிய பிறகு வரும் வாட்ஸ்அப்புக்கு, காலையில் அழைக்கிறோம் என்று ஒரு தானியங்கிச் செய்தி போனால் சரி. சாட்பாட்டுக்குப் பதிலாக, "நாங்கள் வரும்வரை" என்று சின்னப் பக்கம் ஒன்று செய்து கொடு. ஏர்கானை நிறுத்துங்கள், தண்ணீர் பிளக் பக்கம் போனால் மெயின் சுவிட்சை அணையுங்கள், மூடியை நீங்களே கழற்ற வேண்டாம். நான் போனில் சொல்வது இதைத்தான்.

தமிழ்ப் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன், மெஷினிடம் கொடுக்காதே. எதிர்வீட்டு ஆன்ட்டி சீனத்தில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தமிழ் எழுத்துக்கு வரி இடைவெளி கொஞ்சம் கூட வை, உன் மாதிரியில் எழுத்தின் மேல் வளைவும் கீழ்க் கொக்கியும் வெட்டுப்படுகின்றன. வாடிக்கையாளர் கருத்துகளில் கூகலில் அவர்களாக எழுதியதை மட்டும் காட்டு. நன்றாகச் சொல்லாதவை இருந்தாலும் அப்படியே இருக்கட்டும், அதற்கு நான் மரியாதையாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குக் கவலையாக இருக்கிறது. நம் வலைத்தள முகவரி, அதாவது டொமைன் பெயர், இன்னும் பழைய தளத்தைச் செய்த ஆளின் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. அவர் நாளைக்குப் புதுப்பிக்க மறந்தால் நம் மின்னஞ்சலும் சேர்ந்து போய்விடும். கம்பெனி பெயருக்கு மாற்றச் சொல்லி அவருக்கு எழுதிவிட்டேன். சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளம்) வைத்து உறுதிசெய்ய வேண்டியதை அப்பா செய்துவிடுவார். அவர் பதில் போடவில்லை என்றால் என்ன செய்வது என்று நீ விசாரித்து வை.

டிசம்பரில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் தள்ளிப்போடாதே. சீனப் புத்தாண்டுக்கு முன்னால் எல்லோரும் வீட்டைச் சுத்தம் செய்யும்போது போன் ஓயாது, அதற்குள் தளம் தயாராக இருக்க வேண்டும். எண்ணைத் தொட்டால் அழைப்பு போவதையும், ஐசி கட்டத்தை எடுப்பதையும் பழைய தளத்திலேயே இந்த வாரம் மாற்றிவிடு. விலைப்பட்டியலை ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்பாவோடு உட்கார்ந்து முடித்து அனுப்புகிறேன். அன்றைக்கு மதியம் கூப்பிடு, அவரும் வீட்டில் இருப்பார். ராத்திரி கண்விழிப்பதைக் குறைத்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா