குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. மழைநீர் வடிகால் வேலை பாதியில் நிற்கிறது. மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம். தெருவிளக்குகள் எரிகின்றன. நாய்த் தொல்லை பற்றிப் போன ஆண்டு படித்ததையே திரும்பப் படிக்க வேண்டும் என்பதால் விட்டுவிடுகிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார்.

இந்த ஆண்டு புதிதாக நடந்தது சங்க அறையில் வார இறுதி மாலைகளில் நடந்த ஜாவாஸ்கிரிப்ட் வகுப்புதான். இணையப் பக்கங்களை இயங்க வைக்கும் கணினி மொழி அது. மென்பொருள் வேலையில் இருக்கும் நம் தெருப் பெண் ஒருவர் சம்பளம் வாங்காமல் நடத்தினார். கல்லூரிப் பிள்ளைகள், வீட்டிலிருக்கும் பெண்கள் சிலர், மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எனக் கலவையான கூட்டம்.

ஜாவாஸ்கிரிப்டில் பக்கங்களைக் கட்ட உதவும் ரியாக்ட் என்ற நிரல் தொகுப்பைச் சொல்லித்தரச் சொல்லிப் பிள்ளைகள் முதல் நாளே கேட்டார்கள். வேலை விளம்பரங்களில் அதுதானே இருக்கிறது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆசிரியை அசையவில்லை. "பட்டனை அழுத்தினா பிரவுசருக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம அதைப் படிச்சா, தப்பு வரும்போது எங்க தேடுறதுன்னே தெரியாது" என்றார். அவர் செய்தது சரி என்பது என் கருத்து. நோட்பேடும் பிரவுசரும் இருந்தால் போதும். எஃப்12 அழுத்தினால் கன்சோல் திறக்கிறது, அதில் ஒரு வரி எழுதினால் உடனே பதில் வருகிறது. சங்கத்துக்கு ஒரு ரூபாய் மென்பொருள் செலவு இல்லை.

பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது கரண்ட் பில் கணக்கு. செப்டம்பர் 2022 கட்டணத்தை வைத்தே எழுதினார்கள், வீட்டில் இருக்கும் பழைய வெள்ளை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதற்காக. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு யூனிட் 2.25 ரூபாய், அதற்கடுத்த 200-க்கு 4.50, 500 வரை 6 ரூபாய். பிள்ளைகள் எழுதிய இணையப் பக்கம் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் என்று சரியாகக் காட்டியது. 501 என்று போட்டால் 1,733 காட்டியது. கணக்கீட்டாளர் ஐயா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "தப்பு தம்பி. ஐந்நூறைத் தாண்டிட்டா கீழே இருக்கிற ரேட்டும் மாறிடும்" என்றார். அதாவது 501-ஆவது யூனிட் ஓடியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் 2.25 போய் 4.50 வந்துவிடும். சரியான தொகை 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் கூடுதல். 'இப்படியானால் இது, இல்லையென்றால் அது' என்று நிரலில் பிரித்துச் சொல்லும் இஃப், எல்ஸ் இரண்டும் எதற்கு என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது. பக்கத்தைச் செய்து முடித்ததும் பல வீடுகளில் 480-ஐத் தாண்டியதும் ஏசியை அணைக்கிறார்களாம். அந்தக் கட்டணம் பிறகு மாறிவிட்டது. விகிதங்களை நிரலின் தொடக்கத்தில் ஒரே பட்டியலாக வைத்திருப்பதால், கணக்கைத் தொடாமல் எண்களை மட்டும் மாற்றினால் போதும்.

மாடியில் ஒரு மீட்டர், கீழே ஒரு மீட்டர் உள்ள வீடுகளுக்கு மொத்த உபயோகத்தைக் கூட்டிக் காட்டும் வசதியும் கேட்டார்கள். 210, 95 என்று போட்டதும் திரையில் 21095 யூனிட் வந்து நின்றது. பெட்டியில் தட்டுவதெல்லாம் பிரவுசருக்கு வெறும் எழுத்துதான். கூட்டல் குறி போட்டால் இரண்டையும் ஒட்டிவிடும். அதே எழுத்துகளைக் கழித்தால் மட்டும் எண்ணாக மாற்றிக்கொண்டு ஒழுங்காகக் கழிக்கிறது. இது என்ன நியாயம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். இன்று திருத்தினால் அன்று முதல் எழுதப்பட்ட பக்கங்கள் உடைந்துபோகும் என்பதால் பழைய கோணல்கள் அப்படியே இருக்கின்றன. நம்பர் என்ற செயல்கூற்றால் முதலில் எண்ணாக மாற்றிக்கொள்வதுதான் வழி.

அடுத்து, புகார்ச் சீட்டு அச்சடிக்க ஒரு பக்கம் செய்தார்கள். பெயர்ப் பெட்டிக்கு 15 எழுத்து என்று வரம்பு வைத்திருந்தார்கள். மீனாட்சிசுந்தரம் என்ற பெயரில் நாம் எண்ணினால் ஒன்பது எழுத்துதான். ஆனால் கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றையும் தனியாக எண்ணுவதால் ஜாவாஸ்கிரிப்ட் கணக்கில் 16. கடைசிப் புள்ளி வெட்டுப்பட்டு 'மீனாட்சிசுந்தரம' என்று சீட்டு வந்தது. இன்டல் செக்மென்டர் என்ற வசதியைப் பயன்படுத்தினால் ஒன்பது என்றே எண்ணும். தமிழில் பெயர் எழுதும் ஊரில் இந்தப் பாடத்தை முதல் வாரத்திலேயே வைக்க வேண்டும் என்று அடுத்த வகுப்புக்குப் பரிந்துரைத்திருக்கிறேன்.

சந்தா பாக்கியையும் இப்படி ஒரு பக்கத்திலேயே வைத்துவிடலாமே என்று செயற்குழுவில் யோசனை வந்தது. ஆசிரியை எஃப்12 அழுத்தி, மாதிரிப் பக்கத்தில் இருந்த பாக்கித் தொகையைப் பூஜ்யம் ஆக்கிக் காட்டினார். பொருளாளரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அது அந்தத் திரையில் மட்டும் நடக்கும் மாற்றம், லெட்ஜரைத் தொடாது. ஆனாலும் பிரவுசரில் ஓடுவதெல்லாம் பயனரின் கையில்தான் இருக்கிறது. பணம் சம்பந்தப்பட்டதைப் பயனர் தொட முடியாத தனிக் கணினியான சர்வரில் சரிபார்த்தே ஆக வேண்டும். நம்மிடம் சர்வரும் இல்லை, அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. ஆகவே சந்தா ரசீதுப் புத்தகத்திலேயே தொடரும். கரண்ட் பில் கணக்குக்கு அந்தக் கவலை இல்லை. ஃபைலை போனில் சேமித்து வைத்தால் நெட் இல்லாமலும் ஓடும். யார் வீட்டு யூனிட்டும் வெளியே போகாது.

ஒரு குறை உண்டு. நன்கொடையாக வந்த கணினிப் புத்தகங்கள் பழையவை. மதிப்புகளுக்குப் பெயர் வைக்க 2015-இல் மொழிக்குள் வந்த லெட், கான்ஸ்ட் எதுவும் அவற்றில் இல்லை, எல்லா இடத்திலும் அதற்குப் பழைய சொல்லான வார்தான். புத்தகத்தைப் பார்த்துப் படித்தவர்களுக்கும் வகுப்பில் கேட்டவர்களுக்கும் இடையே வாக்குவாதமே நடந்தது. புத்தகம் தருபவர்கள் பதிப்பு ஆண்டைப் பார்த்துத் தரவும்.

அடுத்த வகுப்பு பள்ளித் தேர்வுகள் முடிந்த பிறகு தொடங்கும். இந்த ஆண்டு முடித்தவர்களுக்குத் தனியாக ரியாக்ட் சொல்லித்தர ஆசிரியை சம்மதித்துவிட்டார். புதிதாகச் சேர்பவர்களுக்கு மறுபடியும் கரண்ட் பில்தான். பயன்படுத்தாத லேப்டாப் வீட்டில் இருந்தால், பேட்டரி போயிருந்தாலும் பரவாயில்லை, சார்ஜரோடு கொடுங்கள். சங்க அறைக்கு இன்னும் ஒரு பிளக் பாயின்ட் பெட்டி தேவை. அதற்கான செலவு இன்றைய தீர்மானங்களில் நான்காவதாக வருகிறது.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்