கதவுக்கு எண்ணெய் விடாமல் வைத்திருந்த ஐயாவுக்கு

எங்கள் குறும்படத்தின் எல்லா ஒலிகளையும் ஒன்றாகச் சேர்க்கும் மிக்ஸிங் முடிந்து ஐந்து மணி நேரம்தான் ஆகிறது. தூங்கி எழுந்து நிதானமாக எழுதலாம் என்று பார்த்தேன், தூக்கம் வரவில்லை. நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். காலை வாரிவிட்ட அந்த ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி இனி நான் வாய் திறப்பதாக இல்லை.

முதல் நன்றி, படம் எடுத்த வீட்டின் மாடியில் குடியிருக்கும் ஐயாவுக்கு. 11 நிமிடப் படத்துக்கு உயிரே ஒரு கதவுச் சத்தம்தான். கீழே இருட்டில் நாயகி உட்கார்ந்திருக்க, மேலே கதவு திறக்கிறது. திறப்பது யார் என்று காட்டவே மாட்டோம். சவுண்ட் லைப்ரரியில் கிடைத்ததெல்லாம் பேய் பங்களாக் கதவுகள், கேட்டால் சிரிப்புதான் வந்தது. கூச்சத்தோடு மாடிக்குப் போய்க் கேட்டேன். "நாளைக்கு எண்ணெய் விடலாம்னு இருந்தேன். பரவாயில்ல, நீங்க முடிச்சுக்கோங்க" என்றார். எங்களுக்காக ஒரு வாரம் அந்தக் கீச்சைப் பொறுத்துக்கொண்டார்.

பதிவு செய்த இரவு கதவையும் அவரே பிடித்துக்கொண்டார். வேகமாகத் திறந்தால் ஒரே இழுப்பாகக் கீச்சிட்டது. மெதுவாகத் திறந்தால் இழுப்பு உடைந்து டிக், டிக் என்று தனித்தனியாக விழுந்தது. கீலில் இரும்பு ஒட்டி, விட்டு, மறுபடி ஒட்டுவதால் வருவது அது. நான் படித்துத் தெரிந்துகொண்டது, அவருக்குக் கைப்பழக்கம். "பிடியை லேசாத் தூக்கினா சத்தம் வராது, அழுத்தினா வரும்" என்று செய்து காட்டினார். வீட்டம்மா உடம்பு முடியாமல் படுத்திருந்தபோது, தூக்கம் கலையக் கூடாதே என்று தூக்கித் தூக்கியே திறந்து பழகியதாம். நான் ஹெட்ஃபோனைச் சரிசெய்துகொண்டேன்.

ஏழாவது டேக்கில், பாதியில், பழக்க தோஷத்தில் பிடியைத் தூக்கிவிட்டார். சத்தம் நின்றுவிட்டது, கதவு திறந்துகொண்டேதான் இருந்தது. "தப்பாயிடுச்சா?" என்று பதறினார். படத்தில் இருப்பது அந்த டேக்தான் ஐயா. அந்த இடத்தில் இசையை எடுத்துவிட்டோம், அறையின் வெறும் இரைச்சல் மட்டும் ஓடுகிறது. அதையும் எடுத்திருந்தால் ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அப்புறம், இரண்டு இரவு செருப்போடும் வெறுங்காலோடும் நடந்து ஃபோலி (காட்சிக்கு ஏற்றபடி காலடி போன்ற சத்தங்களைத் தனியாக எழுப்பிப் பதிவது) செய்து கொடுத்த தங்கைக்கு, வசனமே இல்லாமல் மூச்சு மட்டும் டப்பிங் பேச வந்த நாயகிக்கு, மிக்ஸிங் அறையை நள்ளிரவில் திறந்துவிட்ட அண்ணனுக்கு, நாங்கள் கேட்டதும் ஃபிரிட்ஜை அணைத்த அக்கம்பக்கத்தாருக்கு, எல்லோருக்கும் நன்றி. (திரும்பப் போட மறக்கக் கூடாது என்று பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்தோம். சாவி இல்லாமல் எங்கே கிளம்புவது?)

இனி எந்த இடத்தில் எடுத்தாலும் கிளம்பும் முன் ஒரு நிமிடம் ரூம் டோன் (அந்த அறையின் வெறும் இரைச்சல்), அன்றிரவே பதிவுகளுக்கு இரண்டு பிரதி. இது சத்தியம்.

ஐயா, கதவு வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், எண்ணெய் நானே விடுகிறேன்.