மா விவசாயிகள் சங்கத்தின் ஆண்டறிக்கை: பழ ஈயைப் படத்தில் பார்த்து இனம் பிரித்த ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, தோப்பு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிடுங்கள். இந்த ஆண்டு நம் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது பழ ஈதான் என்பதால், நேராக அதற்கே வருகிறேன்.

பொறியில் விழும் ஈக்களை ஃபோனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது, என்ன ஈ என்று எல்லோரும் சேர்ந்து பார்ப்பது என்று போன பொதுக்குழுவில் முடிவு செய்தோம். 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் நம் நாட்டு மாம்பழத்துக்குத் தடை போட்டதும், அது 2015 வரை நீங்காததும் பழ ஈயால்தான். நம் கிருஷ்ணகிரித் தோப்புக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

முதல் மாதம் வந்த படங்களில் பாதி பழ ஈயே இல்லை. குப்பைக்குழியில் அழுகிய பழத்தை மொய்க்கும் சிவப்புக் கண் பொடி ஈ நிறைய வந்தது. அது டுரோசோபிலா. மூன்று மில்லிமீட்டர்கூடத் தேறாது, நல்ல காயைத் துளைக்காது. நம் எதிரி வீட்டு ஈ அளவு இருக்கும். மஞ்சள் திட்டும் ஒடுங்கிய இடுப்புமாகக் குளவி போலத் தெரியும். ஆகவே குளவி என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. குளவிக்கு நான்கு இறக்கை, ஈக்கு இரண்டு. பெண் ஈயின் வால்நுனியில் நீட்டிக்கொண்டிருப்பது கொடுக்கு இல்லை, காய்த்தோலைத் துளைத்து முட்டை வைக்கும் குழாய்.

மாவிலும் கொய்யாவிலும் நாம் பார்க்கும் முக்கியமான பழ ஈக்கள் மூன்று: பாக்ட்ரோசெரா டார்சாலிஸ், கரெக்டா, சோனாட்டா. மூன்றும் அக்கா தங்கை போல இருக்கும். நாங்கள் கற்றுக்கொண்ட வழி, முதலில் இறக்கையைப் பார்ப்பது. இறக்கையின் முன்விளிம்பு நெடுகக் கரை வைத்தது போல ஒரு மெல்லிய கறுப்புக்கோடு நுனிவரை ஓடினால் டார்சாலிஸ் பக்கம். கோடு நுனிவரை தொடராமல் நுனியில் ஒரு புள்ளி மட்டும் தனியே நின்றால் மற்ற இரண்டில் ஒன்று. அப்புறம் முதுகு: கறுப்பாக இருந்தால் கரெக்டா, செம்பழுப்பாக இருந்தால் சோனாட்டா. கடைசியாக முகம். சோனாட்டாவுக்கு இரண்டு கறுப்புப் புள்ளிகள் தனித்தனியே இருக்கும். கரெக்டாவுக்கு அவை சேர்ந்து குறுக்குக்கோடாக நிற்கும்.

வரிசை முக்கியம் என்று சொல்லக் காரணம் உண்டு. சித்திரையில் ஒரு உறுப்பினர் போட்ட படத்தில் முதுகு பழுப்பாக இருந்ததைப் பார்த்து, சோனாட்டா என்று நானே எழுதிவிட்டேன். மூன்று நாள் கழித்து அவர் இறக்கையை விரித்து இன்னொரு படம் அனுப்பினார். கோடு நுனிவரை தெளிவாக ஓடியது. அது டார்சாலிஸ். அந்த இனத்தில் கறுப்பு முதுகும் உண்டு, பழுப்பு முதுகும் உண்டு. நிறத்தை முதலில் பார்த்ததுதான் என் தவறு. குழுவில் உடனே திருத்தினேன், பதிவேட்டிலும் திருத்தியிருக்கிறேன்.

இதில் வல்லுநர்களே தடுமாறியிருக்கிறார்கள். டார்சாலிஸ் கூட்டத்தை, அதாவது டார்சாலிஸும் அதைப் போலவே தோன்றும் நெருங்கிய உறவு இனங்களும் சேர்ந்த தொகுதியை, 1994இல் ட்ரூ, ஹான்காக் என்ற பூச்சி ஆய்வாளர்கள் இருவரும் ஆராய்ந்து 52 இனங்களாகப் பிரித்தார்கள். அதில் 40 புதிய பெயர்கள். 2003இல் கென்யாவில் கண்ட ஈக்கு 2005இல் இன்வாடென்ஸ் என்று பெயர் வைத்தார்கள். உருவம், மரபணு, இனச்சேர்க்கை எல்லாவற்றையும் ஒப்பிட்ட பிறகு, அதுவும் பழைய டார்சாலிஸ்தான் என்று 2015இல் முடிவானது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த காரியே என்ற ஈ தென்னிந்தியாவிலேயே இருக்கிறது. ஃபோன் படத்தை வைத்து அதை ஒதுக்கிவிட்டேன் என்று நாம் சொல்ல முடியாது. அதனால் பதிவேட்டில் "டார்சாலிஸ் கூட்டம்" என்றுதான் எழுதுகிறோம். படத்தில் தெரிவதற்கு மேல் ஒரு எழுத்தும் எழுதக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். சிலருக்கு வருத்தம் இருந்திருக்கலாம். சும்மா "பழ ஈ" என்று எழுதி வைப்பது குறைவான பதிவு இல்லை. தவறான பெயர்தான் கெடுதல்.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டவர்களுக்கு ஒரு பாகல் பந்தலின் கதையைச் சொல்ல வேண்டும். தோப்போரம் பாகல் போட்டிருந்த ஒரு உறுப்பினருக்கு, கடையில் மாவுக்கான மீத்தைல் யூஜினால் (ஆண் ஈயை வாசனையால் இழுக்கும் மருந்து) பொறியையே கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பொறி நிறைய ஈ விழுந்தது, காயோ அழுகிக்கொண்டே போனது. பாகற்காயில் உட்கார்ந்திருந்த ஈயை அவர் மகள் படம் எடுத்தாள். முதுகின் நடுவே ஒரு மஞ்சள் கோடு, இறக்கையில் குறுக்கே ஒரு புகைப்பட்டை. சூகோடாகஸ் குக்குர்பிட்டே, அதாவது பூசணி வகைகளைத் தாக்கும் பழ ஈ. அதன் ஆண் ஈ மீத்தைல் யூஜினாலுக்கு வராது, க்யூ லூர் என்ற வேறொரு வாசனை மருந்துக்குத்தான் வரும். பொறியில் விழுந்ததெல்லாம் பக்கத்துத் தோப்பின் மா ஈக்கள். அந்த ஒரு படம் இல்லாவிட்டால் அடுத்த போகமும் போயிருக்கும்.

இனி படம் எடுப்பவர்கள் தயவுசெய்து மூன்று படம் அனுப்புங்கள்: மேலிருந்து முதுகு, வெள்ளைத்தாள் மேல் விரித்த இறக்கை, நேர் எதிரே முகம். பக்கத்தில் மில்லிமீட்டர் ஸ்கேல் இருக்கட்டும். உயிருள்ள ஈயைச் சீசாவோடு ஃபிரிட்ஜில் பத்து நிமிடம் வைத்தால் அடங்கி நிற்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் இறக்கைக்கோடு மங்கிவிடுகிறது, டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். பொறியில் வாரக்கணக்கில் கிடந்த ஈயின் நிறத்தை நம்ப வேண்டாம். எந்தத் தோப்பு, எந்தப் பழம், என்ன தேதி என்பதைப் படத்தோடு எழுதுங்கள்.

விழுந்த பழத்தை மணல் போட்ட டப்பாவில் வைத்துத் துணி கட்டி ஈ பொரிக்க வைத்தவர்களுக்கு என் தனி நன்றி. பொறிக்கு வருவது ஆண் ஈ மட்டும். எந்தப் பழத்திலிருந்து எந்த ஈ வந்தது என்பதை இந்த டப்பாதான் காட்டுகிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பொரித்த அன்றே படம் எடுத்தால் ஈ வெளிறித் தெரியும். சில நாள் சர்க்கரைத் தண்ணீர் வைத்து, நிறம் ஏறிய பிறகு எடுங்கள்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். படத்தில் பிரிக்க முடியாத ஈக்களைச் சாராயத்தில் போட்டு, விவரச்சீட்டுடன் பூச்சியியல் துறைக்கு அனுப்பச் சிறு தொகை ஒதுக்க வேண்டும். சங்கத்துக்கென்று ஒரு நுண்ணோக்கி வாங்கவும் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும். நீலம் காய் முற்றுவதற்குள் அது கைக்கு வந்தால் இந்தப் பருவத்திலேயே வேலையைத் தொடங்கிவிடலாம்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்